ஒரு சுற்றுக் கூடிப்போன நட்டு

1

என் கணவரின் இரண்டாவது ஆண்டுத் திவசத்துக்கு வந்த மகள் துளசி, சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு வாசலுக்குப் போய் என் காரின் பொனற்றைத் திறந்து பார்த்தாள். "அம்மா, இதுக்குக் கடைசியா எப்ப ஓயில் மாத்தினது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கனடாவுக்கு வந்த நாள் முதல் அது இவருடைய வேலை. இவர் போன பிறகு கார் தன்பாட்டில் ஓடுகிறது, நான் என்பாட்டில் ஏறி இறங்குகிறேன். துளசி ஆங்கிலத்தில் ஒரு பாட்டம் ஏசிவிட்டுக் கடைக்குப் போய் ஓயிலும் வடிகட்டியும் வாங்கி வந்தாள்.

துளசிக்கு முப்பது வயது. வேறு நகரத்தில் பொறியியலாளராக இருக்கிறாள். மூன்று கிழமைக்கு ஒருமுறை வருவாள். வந்தால் நான் சமைத்ததைப் படம் எடுப்பாள், அரைவாசியைச் சாப்பிடுவாள், மீதியைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லி மறந்துவிட்டுப் போவாள். தமிழ் கதைப்பாள், ஆனால் என்னோடு மட்டும்தான். அதுவும் கோபம் வந்தால் பாதி வழியில் இறங்கி ஆங்கிலத்தில் ஏறிக்கொள்வாள்.

காரை இரண்டு சரிவுப் பலகைகளில் ஏற்றிவிட்டுக் கீழே படுத்தாள். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களில் வாகனம் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடியில் ஓயில் தங்கும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். கழற்றினால் பழைய ஓயில் கொட்டும், திரும்பப் பூட்டினால் புதியது உள்ளே தங்கும். எங்கள் பக்கத்தில் அதைச் சம்ப் நட் என்பார்கள். பழையது வடிந்து முடிந்ததும் துளசி அதைத் துடைத்துப் புது வாஷர் போட்டுப் பூட்டத் தொடங்கினாள். பக்கத்தில் குந்தியிருந்த என் வாயில், யோசிக்காமலே, "மட்டா இறுக்கு பிள்ளை" என்று வந்தது.

"மட்டமாவா? அது கூடாத சாமான் எண்டுதானே அர்த்தம்?" என்று காருக்குக் கீழே இருந்து கேட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது அந்த 'மட்டம்'தான்.

"மட்டா எண்டா அளவா. கூடவும் இல்லாம, குறையவும் இல்லாம."

"அது எத்தனை நியூட்டன் மீட்டர் அம்மா?"

சிரித்துவிட்டேன். அவள் பகிடி விடவில்லை. கையில் இருந்த ஸ்பானரில் எண்கள் பொறித்திருந்தன. கைநூலில் சொன்ன எண்ணுக்குத் திருப்பி வைத்தாள். இறுக்கினாள். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டாள். ஒருவர் எவ்வளவு பயந்திருந்தாலும், எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், இதோடு நிறுத்து என்று சொல்லித் தருகிற ஒரு கருவி. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரான பழுகாமத்தில் என் கையில் கேட்டிருந்தால், யோகம் மச்சாளின் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும்.

2

யோகம் இவருடைய ஒரே தங்கை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது இளையவள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் வீட்டில் இருந்தது நான்கு பேர்: மாமா, யோகம், நான், எட்டு மாதக் குழந்தை துளசி. இவர் அப்போதே கனடாவுக்கு வந்துவிட்டார். எங்களைக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் எங்கோ ஒரு மேசையில் இருந்தன.

வீட்டில் ஒரு இரண்டு சில்லு உழவு மெஷின் இருந்தது. உழுகிற நேரம் உழும், மற்ற நேரம் பின்னால் பெட்டியைக் கொழுவினால் சனத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போகும். அதை ஓட்டுகிற பொறுப்பு யோகத்துக்கு வந்தது வேறு வழியில்லாமல்தான். ஆண்கள் பாலத்தடிச் சோதனைச் சாவடியைத் தாண்டப் பயந்தார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. மாமாவுக்கு முழங்கால் பிடிப்பு. "நான் ஓட்டுறன் அப்பா" என்று ஒருநாள் யோகம் சாரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அதற்குப் பிறகு எங்கள் வட்டையில் அவள் உழாத வயல் குறைவு. வட்டை என்றால் வயல் வெளி என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். உழுகிறபோது சத்தமாகப் பாடுவாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற துணிவு.

வாவிக்கு மேற்கே இருந்த எங்களுக்கு எஞ்சின் ஓயில் எளிதில் கிடைக்காது. ஒரு போத்தல் கொண்டுபோவதற்கும் கடிதம் வேண்டும். கிராம அலுவலரான விதானையாரிடம் ஒரு கையெழுத்து, பிரதேச செயலகத்தில் ஒரு முத்திரை, சாவடியில் ஒரு பதிவு. இதில் எந்த மேசையில் ஆள் இல்லாவிட்டாலும் மறுகிழமை வா. இங்கே கனடாவில் பழைய ஓயிலை எறிவதற்கு நகராட்சிக் கழிவு நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம். மூடி இறுக்கமா, வேறு ஏதும் கலந்ததா, எந்த முகவரி என்று கேட்கிறார்கள். ஓயிலை உள்ளே கொண்டுவரவும் கேள்வி, வெளியே கொண்டுபோகவும் கேள்வி. என் ஆயுசில் பாதி இந்த ஓயிலுக்குப் பதில் சொல்லியே போயிருக்கிறது.

ஓயில் கிடைத்தாலும் வாஷர் கிடைக்காது. சம்ப் நட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் செம்பில் ஒரு வளையம் வரும். ஒருமுறை இறுக்கினால் அது நசிந்து கடினமாகிவிடும், அடுத்தமுறை ஓயிலைத் தடுக்காது, புதியது போட வேண்டும். யோகம் அந்தப் பழைய வளையத்தை எடுத்து அடுப்பில் சிரட்டைத் தணலுக்குள் போடுவாள். சிவந்து வந்ததும் குறட்டால் எடுத்துத் தண்ணீரில் போடுவாள். ஒரு சீறல். பிறகு பார்த்தால் செம்பு திரும்பவும் இளகியிருக்கும். "எங்க மச்சாள் படிச்ச?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆரு படிப்பிச்ச? நசிஞ்சு இறுகினது சூட்டில இளகுமா எண்டு போட்டுப் பாத்தன்" என்றாள். ஒரே வளையத்தை அவள் நாலு போகத்துக்குப் பாவித்தாள். அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுக்கவில்லை.

3

இனி என் கதை.

ஒருநாள் பின்னேரம் யோகம் முற்றத்தில் ஓயில் மாற்றினாள். பழையதை ஒரு தகர டின்னில் பிடித்து, பெட்டியின் அச்சுக்கு விடலாம் என்று பெட்டிக்குள்ளேயே வைத்தாள். வளையத்தைச் சுட்டுப் போட்டு, நட்டைப் பூட்டி, ஸ்பானரை ஒரே ஒரு தரம் இழுத்துவிட்டு, "இது மட்டு" என்று சொல்லிக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள்.

நான் துளசியை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஷினடியில் நின்றேன். நட்டைச் சுற்றி ஈரமாக மினுங்கியது. இப்போது தெரியும், துடைத்த மிச்சம். அப்போது ஒழுகுகிறது என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் எதையும் இறுக்கிக் கட்டிப் பழகிய கை எங்களுடையது. உடுப்பு மூட்டையை இறுக்கிக் கட்டு, ஓட வேண்டிவந்தால் அவிழக் கூடாது. கதவை இறுக்கிச் சாத்து. பிள்ளையை இறுக்கிப் பிடி. தளர்வாக ஒன்று இருந்தால் என் கை சும்மா இருக்காது. பிள்ளையை இறக்கிவிட்டு ஸ்பானரைக் கொழுவி, காலால் மிதித்து இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

முதலில் இறுக்கமாகப் போனது. பிறகு திடீரென்று மெதுவாகப் போனது. இரும்புக்குள் ஏதோ விட்டுக்கொடுத்ததை உள்ளங்கையில் உணர்ந்தேன். நட்டைப் பிடிக்கிற புரி, அந்தத் திருகு வரி, போய்விட்டது. பிழை செய்துவிட்டேன் என்று அந்தக் கணமே தெரியும். சொன்னால் மாமா ஏசுவார் என்று ஸ்பானரை எடுத்த இடத்தில் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். யோகம் குளித்துவிட்டு வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

4

மறுநாள் விடிந்தபோது துளசிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. ஒருமுறை, அடங்கிப் பிறகு இன்னொரு முறை. களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். யோகம் ஓடிப்போய் மெஷினைக் கிளப்பினாள். நான் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு பெட்டியில் ஏறினேன். பையில் ஒரு படுக்கை விரிப்பு, கொதித்தாறின தண்ணீர்ப் போத்தல், ஒரு முழு மஞ்சள் சவுக்காரக் கட்டி, வெளியூரில் சோப்பு என்பார்கள். அங்கே படுக்க வைத்தால் என்னென்ன வேண்டும் என்று எங்கள் ஊர்த் தாய்மாருக்கு மனப்பாடம்.

போரதீவு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நான் தற்செயலாகப் பின்னால் பார்த்தேன். கிரவல் ரோட்டில் கறுப்புப் பொட்டுகள் எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. முதலில் தள்ளித் தள்ளி, பிறகு நெருக்கமாக. "மச்சாள்" என்று ஒருவாறு கத்தினேன்.

யோகம் மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து நட்டைத் தொட்டாள். "கிறுகுது மச்சாள், பிடிக்குதில்ல" என்றாள். நட்டு விரலோடு சும்மா சுற்றி, கழன்று கையில் வந்தது. ஓயில் கொடகொடவென்று இறங்கியது. அவள் பெருவிரலை அந்தத் துவாரத்தில் வைத்து அடைத்தாள். ஓடி வந்த எஞ்சின், ஓயில் கொதி கொதியென்று இருக்கும். அவள் முகம் சுருங்கியது, விரலை எடுக்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நான்தான் பிழையாப் பூட்டிட்டன் மச்சாள். நீங்க பயப்பிடாதீங்க. புள்ளையப் பாருங்க."

நான் வாயைத் திறந்தேன். மடியில் துளசிக்கு மூன்றாம் முறை இழுக்கத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். "உங்கட சேலைத் தலைப்பில ஒரு விரலகலம் கிழிச்சுத் தாங்க." கிழித்தேன். "சவுக்காரம் கொண்டுவந்தயளா?" கொடுத்தேன். பல்லால் ஒரு பாதி கடித்து எடுத்து, ஒற்றைக் கையால் கிழிசலோடு சேர்த்துப் பிசைந்தாள். "ஓயிலில சவுக்காரம் கரையாது மச்சாள், தண்ணியிலதான் கரையும்" என்று தனக்கே சொல்வது போலச் சொன்னாள். நட்டில் அந்தக் கிழிசலைச் சுற்றி, பெருவிரலை எடுத்த அதே வேகத்தில் உள்ளே திணித்து, மேலே சவுக்காரத்தைக் குழைத்து அப்பினாள். வேலியில் ஒரு கம்பை முறித்து முண்டு கொடுத்து, பெட்டிக் கயிற்றால் சுற்றிக் கட்டினாள். பிறகு தகர டின்னில் இருந்த பழைய ஓயிலை எஞ்சினுக்குள் ஊற்றினாள். முந்தின நாள் கழிவு என்று எடுத்தது அன்றைக்கு எங்களைக் கொண்டுபோனது. முழுவதும் செய்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்குமா? ஒரு பெண் ரோட்டோரத்தில் ஒற்றைக் கையால் ஒரு எஞ்சினை உயிரோடு பிடித்து வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

5

பாலத்தடியில் எங்களை மறித்தார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் பெட்டியைப் பார்த்தான், பையைக் கிளறினான், பிறகு குனிந்து எஞ்சினின் அடியைப் பார்த்தான். அப்படியே பின்னால் பாய்ந்தான். துவக்கு நிமிர்ந்தது. கம்பு வைத்து, துணி சுற்றி, கயிற்றால் கட்டின மஞ்சள் உருண்டை ஒன்று எஞ்சினுக்குக் கீழே இருந்தால் அந்த நாட்களில் யாருக்கும் ஒரே ஒரு எண்ணம்தான் வரும்.

அவன் சிங்களத்தில் கத்தினான். கழற்று என்று கையால் காட்டினான். கழற்றினால் ஓயில் முழுவதும் நிலத்தில். திரும்ப ஊற்ற ஒரு துளி இல்லை. "சவுக்காரம், சவுக்காரம்" என்று நான் கத்தினேன். அவனுக்கு அது எந்த ஆயுதத்தின் பெயராகக் கேட்டதோ, துவக்கு என் பக்கம் திரும்பியது.

"சபன், மாத்தயா" என்றாள் யோகம். சவுக்காரம் ஐயா என்று அர்த்தம், சந்தையில் சிங்கள வியாபாரிகளிடம் பொறுக்கியது. "சபன். சபன்."

அவன் நம்பவில்லை. துவக்கை நீட்டியபடியே அருகில் வந்து, உருண்டையை ஒற்றை விரல் நகத்தால் சுரண்டினான். விரலில் கறுப்பு ஓயிலும் மஞ்சள் சவுக்காரமும் ஒட்டின. மணந்து பார்த்தான். யோகம் என்னிடமிருந்து துளசியின் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, அவன் கையை நீட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். எந்தத் துணிவில் காட்டினாளோ, அவனும் நீட்டிவிட்டான். அவள் ஊற்றினாள். இரண்டு விரல்களையும் உரசினான். நுரை வந்தது.

அவன் தன் கையில் இருந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் மடியில் கிடந்த துளசியைப் பார்த்தான். ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த தடியை அவனே ஓடிப்போய்த் தூக்கினான். "யன்ன, யன்ன" என்றான். போ, போ.

ஆஸ்பத்திரியில் துளசியை வாங்கிக்கொண்டு ஓடின தாதி மிஸ்ஸி, பிறகு வந்து, "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா ஒண்டும் செய்ய ஏலாமப் போயிருக்கும்" என்றாள். யோகத்தின் பெருவிரலுக்கும் அவள்தான் மருந்து கட்டினாள்.

6

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தது. மாமா மெஷினைப் பார்த்தார். புரி போன இடத்தைத் தடவினார். "பொம்பிளைப் புள்ளையின்ட கையில மெஷினைக் குடுத்த என்னைச் செருப்பால அடிக்கணும். ஒரு நட்டுப் பூட்டத் தெரியாம என்ட பேத்தியைக் கொல்லப் பாத்தயே" என்றார். யோகம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டறையில் கொடுத்துத் திருத்தினதும் மெஷினை ஓட்டக் கூலிக்கு ஆள் பிடித்தார். யோகம் அதற்குப் பிறகு அதில் ஏறவில்லை. அவளுடைய பாட்டும் நின்றது.

அடுத்த வருடம் எங்கள் கடதாசிகள் சரிவந்து நானும் துளசியும் கனடாவுக்கு வந்தோம். கதை எங்களோடு கப்பலேறியது. வருடப் பிறப்புக்கு யோகத்தோடு கதைக்கும்போதெல்லாம் இவர் கேட்பார்: "என்ன கா, நட்டெல்லாம் ஒழுங்கா இறுக்கியிருக்கா?" அந்தப் பக்கம் யோகம் சிரிப்பாள். இந்தப் பக்கம் நானும் சிரிப்பேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சிரித்திருக்கிறேன். இவர் கண் மூடும் வரைக்கும் சொல்லவில்லை. எவ்வளவு கேவலமான சிரிப்பு அது என்று எனக்குத்தான் தெரியும்.

7

திவசத்தன்று, கார் நட்டை இறுக்கின கையோடு, துளசிதான் யோகத்துக்கு வீடியோவில் அழைத்தாள். "அத்தை, நான் ஓயில் மாத்துறன் பாருங்க" என்று போனைக் கார்ச் சில்லில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பக் கீழே படுத்தாள். ஊரில் நடுச்சாமம் ஆகப்போகிற நேரம், அண்ணனின் திவசம் என்று யோகம் படுக்காமல் இருந்தாள். யோகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தாள். துளசி ஸ்பானரை நட்டில் வைத்து அந்த டிக் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கக் காட்டினாள். "சத்தம் கேட்ட மறுகா கை வைக்காத மகள்" என்றாள். அந்த ஸ்பானரைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி, "எங்கட காலத்தில இது இருந்திருந்தா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

போனைக் கையில் எடுத்தேன். இனியும் சொல்லாவிட்டால் அடுத்த திவசம் எனக்காகவும் இருக்கலாம்.

"மச்சாள், அண்டைக்கு நட்டை இறுக்கினது நான். நீங்க குளிக்கப் போன நேரம். காலால மிதிச்சு இறுக்கினன். நீங்க பூட்டினதில பிழையில்ல."

காருக்குக் கீழே சத்தம் நின்றுவிட்டது. துளசி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. கேட்கட்டும்.

யோகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தெரியும் மச்சாள்."

"எப்ப?"

"ரோட்டில. விரல வைக்கேக்க. இரும்பு சுருள் சுருளா விரலில வந்திச்சு. என்ட கை இறுக்கினா அப்பிடி வராது."

"தெரிஞ்சுகொண்டா உங்கட பிழை எண்டு சொன்ன?"

"உங்கட முகத்தைப் பாத்தன். நீங்க சொல்ல வெளிக்கிட்டயள். மடியில புள்ளைக்கு இழுக்குது. அது தப்பாட்டி, நீங்க சொன்ன அந்தச் சொல்லோட எப்பிடிச் சீவிக்கிற? அதான் நான் முந்திச் சொல்லிட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "புள்ளை தப்பிட்டுதே. மறுகாவாவது மாமாவுக்குச் சொல்லியிருக்கலாமே. உங்கட மெஷினையே பறிச்சாரே."

"மெஷினுக்கு அழுதனான்தான்" என்றாள் யோகம். "கிணத்தடியில இருந்து மூண்டு நாள் அழுதன். உங்களை அழவிட்டிருந்தா அது மூண்டு நாளில முடிஞ்சிருக்காது."

துளசி காருக்குக் கீழிருந்து வெளியே வந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் கையில் இருந்த போனைப் பார்த்து, "அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

"எழும்பி நில்லு மகள்" என்றாள் யோகம். "எப்பவும் முகத்தை மட்டும்தானே காட்டுற. முழுசாப் பாக்கணும்."

துளசி எழுந்து, ஓயில் கைகள் உடுப்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றாள். அவள் என்னைவிட உயரம். தலை முதல் கால் வரை படத்துக்குள் கொண்டுவர நான் ரோட்டு ஓரம்வரை பின்னால் நடக்க வேண்டியிருந்தது. யோகம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். நான் கை நோகும்வரை போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.